ஜப்பானிய அனிமேஷன் படங்களில் உங்களை அதிகம் கவர்ந்த மின்னணு இசை எது?

யோசிக்கவே வேண்டாம். 2006இல் வந்த 'பாப்ரிகா'. இயக்கம் சதோஷி கோன், இசை சுசுமு ஹிராசாவா.

அடுத்தவர் கனவுக்குள் நுழைய உதவும் கருவி ஒன்று திருடு போகிறது. திருடியவர் கை வைக்க வைக்க எல்லாருடைய கனவுகளும் ஒன்றாகக் கலந்து, கடைசியில் நிஜ ஊருக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. யசுதகா சுட்சுயியின் நாவல்தான் மூலம். ஹாலிவுட் படமான 'இன்செப்ஷன்' இதைப் பார்த்து எடுத்ததா என்ற பஞ்சாயத்து இணையத்தில் ஓய்வதே இல்லை. எனக்கு அதில் அக்கறை கிடையாது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த ஊர்வலத்துக்காக.

ஃபிரிட்ஜ்கள், வாத்தியம் வாசிக்கும் தவளைகள், பொம்மைகள், கை தூக்கிய பூனைச் சிலைகள், நடுவில் சுதந்திர தேவி வேறு! சாமி புறப்பாடு மாதிரி அத்தனையும் ஆரவாரமாக நகர்ந்து வரும். அதற்கு ஹிராசாவா போட்டிருப்பது சுத்தமான கொண்டாட்ட இசை. படத்தில் பயம் கூடும்போது இசையும் நம்மை மிரட்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். இவர் அசையவே மாட்டார். நல்ல புத்தியோடு இருந்தவர்கள் திடீரென உளறிக்கொட்டுகிறார்கள், கோட்டு சூட்டு போட்டவர்கள் சிரித்த முகத்தோடு மாடியிலிருந்து பாய்கிறார்கள். மெட்டு மட்டும் அதே குஷியில் போய்க்கொண்டிருக்கும். நம் காலும் தாளம் போடும். அதுதான் வயிற்றைக் கலக்குகிற இடம், நாமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டோமே!

ஹிராசாவா 1979இல் 'பி-மாடல்' என்ற இசைக்குழுவைத் தொடங்கியவர். அமிகா கணினியைத் தயாரித்த கம்பெனி 1994இல் திவாலான பிறகும் பல வருடம் அந்தக் கணினியிலேயே இசையமைத்த பிடிவாதக்காரர். அதே மனிதர்தான் இந்தப் படத்தில் 'லோலா' என்ற, எழுதிக் கொடுத்ததைப் பாடும் வோகலாய்ட் மென்பொருளின் செயற்கைக் குரலையும் பாட வைத்தார். ஆளே இல்லாத அந்தக் குரல் கனவுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை ஹெட்ஃபோனில் கேட்டால்தான் புரியும், மொபைல் ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும்.

கோன் வெகுகாலம் ஹிராசாவாவின் ரசிகராக இருந்து, பிறகு அவரோடு வேலை செய்தவர். அதனால்தானோ என்னவோ, இசைக்காக வெட்டிய காட்சியா காட்சிக்காகப் போட்ட இசையா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. தொடக்கத்தில் நாயகி பாப்ரிகா விளம்பரப் பலகைகளுக்குள் புகுந்து புறப்படும் அந்தப் பெயர் ஓடும் காட்சி ஒன்றே போதும்.

கோன் 2010இல் 46 வயதில் புற்றுநோயால் இறந்தார். முடித்த திரைப்படங்கள் நான்குதான், அதில் இரண்டுக்கு ஹிராசாவா இசை. மற்றொன்று 2001இன் 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்': ஒரு நடிகை தான் நடித்த படங்களின் காலங்களையெல்லாம் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பாள், இசையும் கூடவே மூச்சிரைக்க ஓடும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதிலிருந்து ஆரம்பிக்கலாம். அனிமேஷன்தானே என்று குழந்தைகளை உட்கார வைத்து 'பாப்ரிகா'வைப் போட்டுவிடாதீர்கள். சில காட்சிகள் பெரியவர்களுக்கே கனம்.