நிறையப் படித்தால் சபையில் தாழ்மை போய்விடுமா?

போய்விடும் என்று சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு போதகர் "எழுத்து கொல்லுகிறது" என்ற வசனத்தை வைத்தே, இறையியல் படிக்கப் போகிற பிள்ளைகளைப் பயமுறுத்துவார். அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே பேசுவது கல்லில் எழுதிய நியாயப்பிரமாணத்தைப் பற்றி. அவரே கமாலியேல் என்ற பெரிய யூத வேத அறிஞரிடம் படித்தவர். சிறையில் இருந்தபோதுகூட மேலங்கியோடு புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

அதற்காகப் படிப்பில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் கதையையே சொல்கிறேன்.

சிரம்பானில் பகுதிநேரமாக இறையியல் படித்துக்கொண்டிருந்த சமயம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டில் நடக்கும் வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் பிலிப்பியர் 2 என் பங்குக்கு வந்தது. 7ஆம் வசனத்தில் இயேசுவைப் பற்றி "தம்மைத்தாமே வெறுமையாக்கி" என்று வருகிறதே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கிரேக்க மூலம், கெனோசிஸ் கோட்பாடு (மனிதனானபோது இயேசு தம் தெய்வீகத் தன்மைகளில் சிலவற்றைக் கழற்றி வைத்தார் என்பது), 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இறையியலாளர்கள் என்று முக்கால் மணி நேரம். மேசையில் மீகூன் ஆறிக்கொண்டிருந்தது.

சுவரோரம் ஓர் ஆன்ட்டி. கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், ஆறாம் வகுப்பு வரை படித்தவர். வசனத்தில் விரலை வைத்தபடி கேட்டார்: "தம்பி, எப்படி வெறுமையாக்கினாருன்னு அடுத்த வார்த்தையிலேயே போட்டிருக்கே, அடிமையின் ரூபமெடுத்துன்னு. எதையும் கழட்டி வச்சதா இல்லையே, எடுத்ததாத்தானே இருக்கு?"

சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து விளக்கவுரைகளைப் புரட்டினால், அறிஞர்கள் பலர் சொல்வதும் அதுவே. கிரேக்க வாக்கிய அமைப்பில் "எடுத்து" என்பதுதான் "வெறுமையாக்கி"யை விளக்குகிறது. அதுவும் தாழ்மையைப் பற்றிய அதிகாரத்தில் எனக்கு இப்படி ஆனதை என் மனைவி இன்னும் விடவில்லை.

ஆதிச் சபையில் பிரசங்கித்த அப்பொல்லோவை "வேதாகமங்களில் வல்லவன்" என்கிறது அப்போஸ்தலர் 18. அவனுக்குத் திருத்தம் சொன்னது கூடாரம் செய்யும் ஒரு தம்பதி. படிப்பை விட்டுவிடு என்று அவர்கள் சொல்லவில்லை, ஜெப ஆலயத்தில் வைத்து அவன் மூக்கை உடைக்கவும் இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு விவரித்தார்கள். அவனும் காது கொடுத்தான். தாழ்மை என்று நான் சொல்வது அந்தக் காதைத்தான். "நாங்க படிக்காத ஜனங்க, ஆவியானவர் எங்களுக்கு நேரா சொல்வார்" என்று யார் பேச்சையும் கேட்காதவரிடமும் அது கிடையாது. ஆனால் சபையில் அதற்குப் பெருமை என்று பெயர் வைப்பதில்லை.

இப்போதெல்லாம் என் முறை வந்தால் முந்தின நாளே அந்த ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் வசனத்தை அனுப்பிவிடுகிறேன். பதில் குரல் பதிவாகத்தான் வரும், பின்னால் தாளிக்கும் சத்தத்தோடு.