கைவினை முடிந்ததும் அந்த பாட்டில் எங்கே போகிறது?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, மகளுக்கு 3. மறுசுழற்சியைச் சொல்லித் தரலாம் என்று காலி பாட்டில், அட்டைப்பெட்டி எல்லாம் கொடுத்து பென்சில் ஸ்டாண்டு, பொம்மை என்று செய்ய வைக்கிறேன். ஆசையாகச் செய்கிறார்கள். ஆனால் ஒரே வாரத்தில் எல்லாம் குப்பைக்குப் போய்விடுகிறது. இதில் பிள்ளைகள் என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. பென்சில் ஸ்டாண்டு செய்தால் கை பழகும், கற்பனை வளரும், நிறுத்த வேண்டாம். ஆனால் பழைய பொருள் உருக்குலைந்து புதிதாக வருவதை உங்கள் மகன் அதில் பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, நன்றாக இருந்த அட்டையில் ஜிகினாத் தூளைக் கொட்டிப் பசை தடவிவிட்டால், மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டியது வெறும் குப்பையாகிவிடும். ஜிகினாத் தூள் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அதை மட்டுமாவது தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு நாள் காகிதம் செய்யுங்கள். பழைய செய்தித்தாளை நகத்தளவு துண்டுகளாகக் கிழித்து இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற விடுங்கள். காலையில் நிறையத் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் அடியுங்கள். இது மட்டும் உங்கள் வேலை. கஞ்சி மாதிரி வரும் கூழை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, இன்னும் தண்ணீர் விட்டுக் கலக்கி, பழைய போட்டோ சட்டத்தில் இழுத்துக் கட்டிய கொசுவலையை உள்ளே விட்டு மட்டமாகத் தூக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்து, வலைமேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் நிற்கும். துணிமேல் கவிழ்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, வலையை மெதுவாக எடுத்துவிட்டுக் காய விடுங்கள். ஓரிரு நாளில் அவனே செய்த தாள் தயார். சொரசொரப்பாக இருக்கும், ஓரம் கோணலாக இருக்கும். அதில் அவனே படம் வரையட்டும்.

ஊறப்போடும்போதே பளபளப்பான பிஸ்கட் உறை ஒன்றையும் துண்டாக்கித் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். காலையில் அவன் கையை விட்டுத் துழாவினால் செய்தித்தாள் விரலிலேயே நைந்துவிடும். உறை அப்படியே முழுசாக வரும். 'ஏன்மா இது மட்டும் கரையல?' என்று அவனே கேட்பான். குப்பையை ஏன் பிரிக்க வேண்டும் என்று சொல்லித் தர அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அப்புறம் முட்டை வரும் சாம்பல் நிற அட்டையைக் கொடுத்து நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் பெரும்பாலும் பழைய காகிதக் கூழில் வார்த்ததுதான்.

காகிதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாமா என்று அவன் கேட்டால், முடியாது என்று உண்மையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிக்கொண்டே போகும்; சுமார் 5 முதல் 7 முறைக்குமேல் தாங்காது. கண்ணாடியும் அலுமினியமும் அப்படியல்ல, திரும்பத் திரும்ப உருக்கலாம். தாளின் இரண்டு பக்கமும் எழுதச் சொல்வதற்கு இது நல்ல காரணம்.

இன்னொரு நாள் ஒரு பெரிய காந்தத்தைக் கொடுத்து வீட்டிலுள்ள டப்பாக்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. மறுசுழற்சி ஆலைகளிலும் இரும்பைக் காந்தத்தால்தான் பிரிக்கிறார்கள்.

சின்னவளுக்குக் கிழிக்கிற வேலையும் ஸ்பாஞ்சால் ஒற்றுகிற வேலையும் போதும். பாட்டில் மூடிகளையும் சின்னக் காந்தங்களையும் அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும் வயது. மிச்சக் கூழைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பிழிந்து உருண்டையாக்கிக் காய வைத்தால் அடுத்த முறை ஊறவைத்துக்கொள்ளலாம்.