அஞ்சாம் மாசம் கரு கலைந்துவிட்டது. நண்டு கம்பெனியில் சம்பளத்தோடு லீவு கேட்க முடியுமா?

கேட்கலாம் தங்கச்சி. ஆறு வாரம், சம்பளத்தோடு. "கிலோவுக்குத்தான் கூலி, அதுவும் கான்ட்ராக்டர் கையால், எங்களுக்கு எங்கே லீவு" என்று எழுதியிருக்கிறாய். நானும் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் ஒரு கம்பெனியில் நண்டுச் சதை எடுத்தவள்தான். எனக்கும் அஞ்சாம் மாசத்தில்தான் போனது. அதனால் நீ என்றே பேசுகிறேன், தப்பா எடுத்துக்காதே.

1961 பேறுகால நலச் சட்டத்திலேயே இந்த ஆறு வாரம் இருக்கிறது. அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனி என்றால் இது பொருந்தும். நேரடியாகச் சேர்ந்தவளா, ஏஜென்ட் மூலம் வந்தவளா என்று சட்டம் பார்ப்பதில்லை. கிலோக் கூலியும் பிரச்சினையில்லை. முந்தைய மூன்று மாசத்தில் வாங்கியதைச் சராசரி போட்டு நாள் சம்பளம் கணக்கிடுவார்கள். அந்த ஆறு வாரத்தில் நீயே வந்து நின்றாலும் உன்னிடம் வேலை வாங்கக் கூடாது, வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடம்பு தேறவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இன்னும் ஒரு மாசம் வரை நீட்டிக்கலாம். சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள். பிடித்தால் பணம் அங்கிருந்து வரும், கம்பெனியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

இங்கே முக்கியமானது ஆஸ்பத்திரிச் சீட்டு. "ரத்தப்போக்குக்கு சிகிச்சை" என்று மட்டும் எழுதியிருந்தால் கணக்கர் அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தடிப்பார். கரு கலைந்தது என்பதும், எத்தனையாவது வாரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். 26-ஆவது வாரம் முடிவதற்குள் கரு கலைந்தால்தான் கருச்சிதைவுக் கணக்கு. அதற்கு மேல் போய் குழந்தை இறந்தே பிறந்தால் சட்டப்படி அது பிரசவம், பேறுகால விடுப்பே கேட்கலாம். ஏழாம் மாசம், எட்டாம் மாசம் இழந்தவர்களைக்கூட "குழந்தைதான் இல்லையே, அப்புறம் என்ன லீவு" என்று மூன்றாம் வாரமே கூப்பிட்ட கதை நம் ஊரில் நிறைய உண்டு. கூப்பிடுகிறவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்!

சட்டம் இருந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை என்றால், நம் வாய்தான் காரணம் என்பேன். கண்ணு பட்டுவிடும் என்று மூணு மாசம் வரைக்கும் மாமியார் வீட்டைத் தாண்டி விஷயம் போகாது. சொல்லாத கர்ப்பம் கலைந்தால் அதையும் சொல்ல முடியாது. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு நாலாம் நாள் ஐஸ் பெட்டி தூக்க வந்து நிற்போம். ரிஜிஸ்டரில் ஆப்சென்ட், கூலி கட். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு ரிஜிஸ்டரே கிடையாது. அவர்கள் மீனவர் நல வாரியத்திலோ அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்திலோ பதிந்திருக்கிறார்களா என்று பார்த்து, அங்கே விசாரிக்க வேண்டியதுதான்.

அதனால் வாயால் கேட்காதே, எழுதிக் கொடு. இன்ன தேதியில் இத்தனை வாரக் கரு கலைந்தது, மறுநாள் முதல் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், சீட்டு நகல் இணைத்திருக்கிறேன், அவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொள். வாங்க மாட்டேன் என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. எனக்கும் முதலில் "அதெல்லாம் பிரசவத்துக்குத்தான்மா" என்றுதான் சொன்னார்கள். கடிதம் போன பிறகு பேச்சு மாறியது. மாறாவிட்டால் ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

ஒன்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அஞ்சாம் மாசம் என்பதால் பால் சுரக்கலாம். எனக்கு மார் கட்டி, சட்டை நனைந்தபோது உயிரே போனது. பீய்ச்சி எடுக்காதே, எடுத்தால் இன்னும் சுரக்கும். தாங்க முடியாத அளவுக்குக் கட்டினால் மட்டும், வலி குறைகிற அளவுக்குக் கொஞ்சமே பீய்ச்சிவிடு. இறுக்காமல் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போட்டு, குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம் கொடு. நிறுத்த மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள். காய்ச்சலோ, ரத்தப்போக்கில் கெட்ட வாடையோ இருந்தால் அன்றைக்கே போ.

உன் வீட்டுக்காரருக்கு லீவு உண்டா என்றும் கேட்டிருக்கிறாய். தனியார் வேலைக்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது, போட்டில் போகிறவருக்கு எங்கே? கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு இல்லை. என் வீட்டுக்காரர் அந்த வாரமே கடலுக்குப் போனார், ஊர் அவரைக் கல்மனசுக்காரர் என்றது. வலையை இழுத்துக்கொண்டே அழுதார் என்று கூடப் போன பையன் பிறகு சொன்னான். முதலாளியிடம் ஒரு நடைக்கு ஆள் மாற்றி விடச் சொல்லலாம், நல்ல முதலாளி விடுவார். உன் வீட்டுக்காரர் வாய் திறக்காமலே இருந்தால் 14416-க்குப் போன் போடச் சொல். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.