மேட்டர்ஹார்ன்: செதுக்கியது யார், கயிற்றை அறுத்தது யார்?

கேள்வி: ஸ்விட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் மலை செதுக்கி வைத்தாற்போல் கூம்பாக நிற்பது எதனால்? அதன் உச்சியில் இருப்பது ஆப்பிரிக்கப் பாறை என்றும், முதலில் ஏறியவர்களின் கயிற்றை வழிகாட்டியே அறுத்துவிட்டார் என்றும் சொல்கிறார்களே, உண்மையா? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: செதுக்கியது பனிதான். 4,478 மீட்டர் உயரமுள்ள இந்த மலை, ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. பனியாறுகள் நாற்புறமும் அடிவாரத்தைக் கிண்ணம் கிண்ணமாகக் குடைந்துகொண்டே வர, வெடிப்புகளில் இறங்கிய நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளந்துகொண்டே இருக்க, நடுவில் எஞ்சியதுதான் நான்கு முகங்கள் கொண்ட இந்தக் கூம்பு. ஜெர்மன் மொழியில் ஹார்ன் என்றால் கொம்பு, பொருத்தமான பெயர்தான்.

ஆப்பிரிக்கப் பாறை என்பதைச் சற்றே திருத்திச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்கும், ஆப்பிரிக்காவை ஒட்டியிருந்த ஏட்ரியா என்னும் நிலத்துண்டுக்கும் இடையே ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடல் மூடிக்கொண்டபோது ஏட்ரியாவின் விளிம்பு வடக்கே தள்ளப்பட்டு, கடலடிப் படிவுகளின் மேல் ஏறி அமர்ந்தது. அதனால்தான் இந்த மலையில் பழைய பாறை மேலேயும் அதைவிட இளைய கடற்படிவு கீழேயும் இருக்கின்றன.

கயிறு அறுக்கப்பட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரும் அவருடன் சென்ற ஆறு பேரும் ஸ்விட்சர்லாந்தின் செர்மாட் ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறி உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது, அனுபவம் குறைந்த 19 வயது இளைஞரான டக்ளஸ் ஹேடோ கால் வழுக்கி, கீழே நின்ற வழிகாட்டி மிஷேல் க்ரோவின் மேல் விழ, சார்ல்ஸ் ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸும் அவர்களோடு இழுபட்டார்கள். மேலே இருந்த மூவர் பாறையைப் பற்றிக்கொண்டு தாங்கினார்கள்; ஆனால், பிரான்சிஸ் டக்ளஸுக்கும் மூத்த வழிகாட்டி பீட்டர் டவுக்வால்டருக்கும் இடையிலிருந்த கயிறு இற்றுப்போயிற்று. நால்வரும் சுமார் 1,200 மீட்டர் கீழே பனியாற்றில் விழுந்து இறந்தார்கள். பிரான்சிஸ் டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

டவுக்வால்டர் குற்றமற்றவர் என்றே விசாரணை மன்றம் முடிவு செய்தது. அவர் கயிற்றை அறுத்தார் என்ற பேச்சை விம்பரும் மறுத்தார். ஆனாலும், பாறையைப் பற்றிக்கொண்டு தாங்கிய அந்த மூத்த வழிகாட்டிமீது விழுந்த பழி வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கொண்டுபோன மூன்று வகைக் கயிறுகளில் மிகவும் வலுக்குறைந்தது அந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தது. நான்கு உடல்களின் பளுவை அது எப்படித் தாங்கும்? செர்மாட் அருங்காட்சியகத்தில் அந்தக் கயிறு இன்றும் இருக்கிறது. அதன் நுனி, கத்தி பட்டதுபோல் சீராக இல்லாமல், இழை இழையாகப் பிரிந்து கிடக்கிறது.