மதியச் சோறு யார் வீட்டிலிருந்து வருகிறது?

அன்புள்ள அண்ணா,

உவர்மலையில் இருக்கிறோம். வெசாக் பண்டிகைக்கு மகனை விகாரையில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சலுக்குக் கூட்டிப்போய் வரிசையில் நின்று கடலை வாங்கிக் கொடுத்தேன். அந்தப் படத்தை முகநூலில் போட்டதும் சொந்தக்காரர் ஒருவர், "காணி பிடிக்கிறவனிட்டக் கையேந்திறியோ" என்று எழுதிவிட்டார். விகாரையால் ஊர்ச் சனத்துக்கு உண்மையில் என்ன பயன்? நாங்கள் அங்கே போவது பிழையா?

– வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

கடலை வாங்கியதில் ஒரு பிழையும் இல்லை. தன்சல் என்பதே ஆள் பார்க்காமல் கொடுப்பதுதான், வரிசையில் நிற்கிறவனிடம் நீ யார் என்று கேட்டால் அது தன்சலே இல்லை.

பயன் என்ன என்று கேட்டீர்கள். ஒரு விகாரையைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் நான் முதலில் குசினிப் பக்கம்தான் பார்ப்பேன். பிக்குமார் மதியம் திரும்பினால் பிறகு சாப்பிடமாட்டார்கள். அதனால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் நேரத்துக்கு வந்தாகவேண்டும், அதற்கு விகாரையைப் பராமரிக்கிற ஊர்க்காரரின் தாயக சபை வைத்திருக்கும் முறைப்படி இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று சனம் சமைத்துக்கொண்டு வரும். முதலில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்துப் புத்தர் முன்னால் வைப்பார்கள், அப்புறம்தான் பிக்குவுக்கு. செத்தவீடென்றால் அந்த வீடுகளுக்குப் பிக்குதான் வரவேண்டும், ஏழாம் நாள் தானமும் அவருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு அறநெறிப் பாடசாலைக்குப் போகும். பௌர்ணமிப் போயா நாளில் வயதானவர்கள் சில் என்கிற நோன்பு எடுத்துக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே இருப்பார்கள். நம்முடைய கோயில் திருவிழாவில் உபயகாரர் முறை இருக்கிறதே, அதை வருஷம் முழுக்க நீட்டினால் கிட்டத்தட்ட இதுதான்.

ஆக, சோறு கொண்டுவர வீடுகள் இருக்கிற விகாரை அந்த ஊருடையது. சுற்றிவர ஒரு பௌத்த வீடுகூட இல்லாத இடத்தில் முளைத்து, இராணுவ முகாமிலிருந்து சாப்பாடு போய்ச் சேருகிற விகாரையைச் சனம் எல்லைக்கல்லாகத்தான் பார்க்கும். அதில் உங்கள் சொந்தக்காரரின் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. 2005 மே மாதம் நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரவில் சிலை வந்தது, அதற்கு எதிராக ஹர்த்தால், பிறகு சிலைக்குக் காவல். 2025 நவம்பரில் கடற்கரையோரமாக வைத்த சிலையைப் பொலிஸ் இரவில் எடுத்து, மறுநாளே திருப்பி வைத்தது. இதெல்லாம் காணியையும் அதிகாரத்தையும் பற்றிய சண்டை, தானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சண்டையைப் பிரதேச செயலகத்திலும் நீதிமன்றத்திலும் பிடிக்கலாம், பிடிக்கவும் வேண்டும். உங்கள் மகன் கையிலிருக்கிற கடலைச் சரையில் பிடித்து என்ன ஆகப்போகிறது?

"பௌத்தம் எங்களுக்குச் சம்பந்தமில்லாதது" என்று அவர் அடுத்ததாகச் சொல்லுவார். சொல்லட்டும். திருகோணமலைப் பெரியகுளத்தில் இருக்கிற வெல்கம் விகாரையை நம் சனம் நாதனார் கோயில் என்று சொல்லும். அங்கே 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடந்தன. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர், விளக்கெரிக்கப் பசுக்களைக் கொடுத்ததைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பசு ஏன் என்றால் நெய்க்கு. மாட்டை விட்டால் பாலும் நெய்யும் வந்துகொண்டே இருக்கும், விளக்கும் அணையாது. தஞ்சாவூரில் சிவனுக்குச் செய்ததைத்தான் இங்கே புத்தருக்கும் செய்திருக்கிறார்கள். இந்தக் கல்லை நாமும் பேசுவதில்லை, அதைத் தொல்லியல் என்று வேலிபோடுகிறவர்களும் தமிழ் என்ற பகுதியைச் சத்தமாகச் சொல்வதில்லை, இரண்டு பக்கத்துக்கும் வசதியில்லாத கல் அது.

அடுத்தமுறை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் அப்படியே வெல்கம் விகாரைக்கும் போய்வாருங்கள், தூரமில்லை. செருப்பையும் தொப்பியையும் வெளியே விடவேண்டும். மத்தியான வெயிலில் போகாதீர்கள், மணல் காலைச் சுடும், பிள்ளை அழுதால் கல்வெட்டு பார்க்க விடமாட்டான்.