முயல் கண்ணில் வேலை செய்த சொட்டு மருந்து நம் கண்ணிலும் வேலை செய்யுமா?

கேள்வி இதுதான்: பாக்டீரியா கண் தொற்றுக்கு ஒரு ஆன்டிபயாடிக் சொட்டு முயலில் நன்றாக வேலை செய்தது என்று ஆய்வு சொன்னால், அப்படியே நம்பலாமா?

பாதி நம்பலாம். இப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்த ஒரு லேபில் சில வருடம் காலனி (தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும் பாக்டீரியாக் கூட்டம்) எண்ணியவன் நான், அதனால் அந்த "வேலை செய்தது" எப்படி வருகிறது என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் நியூசிலாந்து வெள்ளை முயல்தான். மயக்கம் கொடுத்து, கருவிழியின் (கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலம், கார்னியா) நடு அடுக்குக்குள் மெல்லிய ஊசியால் சுமார் 1000 பாக்டீரியாவை ஏற்றுவார்கள், சூடோமோனாஸ் அல்லது ஸ்டாஃபிலோகாக்கஸ். ஒரு கண்ணில் மட்டும்தான், முயல் முழுக் குருடாகிவிடக் கூடாது. 10 முதல் 16 மணி நேரத்தில் அந்த ஆயிரம் லட்சக்கணக்காகப் பெருகிவிடும். அப்புறம் சொட்டு, முதலில் 15 நிமிடத்துக்கு ஒன்று, பிறகு அரை மணிக்கு ஒன்று. எல்லாம் முடிந்ததும் முயலைக் கொன்று கருவிழியை எடுத்து அரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, அகர் தட்டில் (கிருமி வளர ஜெல்லி ஊற்றிய தட்டு) பரப்பி மறுநாள் எண்ண வேண்டும். அதாவது அங்கே அளப்பது பார்வையை இல்லை, மிச்சமிருக்கும் கிருமியை.

இதில் ஒரு வில்லங்கம். அரைத்த திசுவில் மருந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது தட்டிலும் கிருமியை வளர விடாது. ஒருமுறை வெறும் தட்டைப் பார்த்துக் குதித்தோம், அதே மாதிரியை நன்றாக நீர்த்துப் பரப்பிய தட்டில் காலனிகள் வரிசையாக முளைத்திருந்ததைப் பார்த்ததும் எல்லோர் முகமும் தொங்கிப்போனது. இன்னொன்று, சில சொட்டு மருந்தில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடும் கிருமியைக் கொல்லக்கூடியதுதான். எனவே ஒப்பீட்டு முயல்களுக்கு வெறும் உப்பு நீர் விட்டார்களா, மருந்து மட்டும் இல்லாத அதே திரவத்தை விட்டார்களா என்று பாருங்கள். நான் முதலில் தேடுவதே அந்த வரியைத்தான்.

முயல் மணிக்குச் சில தடவைதான் இமைக்கும். நாம் நிமிடத்துக்கே பத்துப் பதினைந்து தடவை இமைக்கிறோம், விட்ட சொட்டில் பெரும்பகுதி சில நிமிடத்தில் கன்னத்திலோ மூக்குக்குள்ளோ போய்விடும். முயலின் கருவிழி நம்முடையதைவிட மெல்லியது வேறு. மருந்து உள்ளே இறங்க இவ்வளவு வசதி நமக்குக் கிடையாது. அதோடு முயலுக்கு வைத்தியம் தொடங்குவது மணிக்கணக்கில், நாமோ கண் சிவந்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் போகிறோம். முயலிலேயே சில மணி நேரம் தாமதித்துத் தொடங்கினால் அதே மருந்தின் பலன் குறைகிறது.

சரி, பயனே இல்லையா? இருக்கிறது. ஒரு கிருமி மருந்துக்கு அடங்காதது என்று லேப் ரிப்போர்ட் சொல்லும் எல்லை, பொதுவாக ரத்தத்தில் கிடைக்கும் மருந்தளவை வைத்துப் போட்டது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 0.5 சதவீதச் சொட்டை அடிக்கடி விட்டால் கருவிழியில் அதைவிட எவ்வளவோ அதிகம் சேரும், "அடங்காத" கிருமியும் சில சமயம் அடங்கும். இதை உயிருள்ள கண்ணில்தான் சோதிக்க முடியும், தட்டில் தெரியாது.

வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தின் விஷயம் தனி. ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் விட்ட முயல்களில் வீக்கம் குறைந்து கண் தெளிவாகத் தெரிந்ததுண்டு. ஆனால் பாக்டீரியாவால் கருவிழியில் புண் வந்த 500 நோயாளிகளை வைத்துச் செய்து 2012-ல் வெளியான ஸ்கட் (SCUT) என்ற ஆய்வில், மூன்று மாதம் கழித்துப் பார்வையை அளந்தபோது, ஸ்டீராய்டு சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை.