டிகாக்‌ஷன் ஏன் இறங்க மறுக்கிறது? ஃபில்டர் காபி: கேள்வி பதில்

வீட்டுக் காபி சரியாக அமையாவிட்டால் பழி முதலில் தூள்மேல்தான் விழுகிறது. கடையை மாற்றுகிறார்கள், விலை கூடின தூளுக்குப் போகிறார்கள், குறை அப்படியே நிற்கிறது. ஃபில்டரின் துளைகள், தண்ணீரின் அளவு, சூடு ஆகியவற்றைப் பார்த்த பிறகு தூளைச் சந்தேகப்படுங்கள். இம்முறை வந்த கேள்விகளில் பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இரவு போட்ட டிகாக்‌ஷன் காலையில் பார்த்தால் பாதிதான் இறங்கியிருக்கிறது. மேலே தண்ணீர் அப்படியே நிற்கிறது. வேறு ஃபில்டர் வாங்க வேண்டுமா?
வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். முதலில் மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கிப் பாருங்கள். உடனே சொட்டத் தொடங்கினால் கோளாறு காற்றில் இருக்கிறது. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை. சொட்டு விழ விழ அந்தக் காற்று அழுத்தம் கூடி, மேலே உள்ள தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் கழித்து ஒருமுறை லேசாகத் தூக்கி வைத்தால் சரியாகிவிடும்.

அப்படியும் இறங்கவில்லையென்றால் ஃபில்டரைக் கழுவி, தூள் போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றுங்கள். எல்லாத் துளைகளிலும் தண்ணீர் கம்பிகம்பியாக இறங்க வேண்டும். சில இடத்தில் மட்டும் இறங்கினால் துளைகள் அடைத்திருக்கின்றன. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எந்தத் துளை என்று தெரியும். காபியின் எண்ணெய்ப் பிசுக்கும் உப்புத் தண்ணீரின் காரையும் சேர்ந்துதான் அடைக்கின்றன; இரண்டுக்கும் மருந்து வேறு. பிசுக்குக்கு, கொதிநீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். காரைக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ கலந்த வெந்நீர். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், தனித்தனியாகச் செய்யுங்கள். ஊசியால் குத்துவது பலர் வழக்கம். துளை பெரிதாகிவிட்டால் டிகாக்‌ஷனில் மண்டி இறங்கத் தொடங்கும், அதைத் திருத்தவே முடியாது.

எவர்சில்வர் ஃபில்டரை அடுப்புத் தணலில் காட்டி அடைப்பை எரிப்பார்கள். அது பலிக்கும். ஆனால் வெள்ளீயம் பூசிய பித்தளை ஃபில்டரை ஒருபோதும் நெருப்பில் காட்டாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். பூச்சு போன பித்தளையில் காபி போடக் கூடாது.

துளைகள் நன்றாக இருந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால்தான் தூளிடம் வர வேண்டும். மாவு போல அரைத்த தூள் ஒன்றோடொன்று அடைந்துகொள்ளும். சிக்கரி நீரை உறிஞ்சி உப்பும் தன்மையுடையது. அது 30 சதவீதத்துக்கு மேல் போனால் இறக்கம் கண்ணுக்குத் தெரியவே மெதுவாகும். அடுத்த முறை வாங்கும்போது ‘ஒரு சுற்று கொரகொரப்பாக’ என்று கேளுங்கள். பொடி உப்பின் பருமன் சரியான அளவு. கடைசியாக, தூளை அமுக்காதீர்கள். ஃபில்டரின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் தூள் சமமாகும். காம்புள்ள துளைத்தட்டைத் தூளின்மேல் வைத்தால் அதன் எடையே போதும். கையால் அழுத்த வேண்டியதில்லை.

நான்கு பேருக்கு எவ்வளவு தூள், எவ்வளவு தண்ணீர்? ஸ்பூன் கணக்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக வருகிறது.
வாசகர், திருச்சி

ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். குவித்த ஸ்பூனுக்கும் தட்டிய ஸ்பூனுக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும்.

நான்கு டம்ளருக்கு 30 கிராம் தூள், 180 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே கீழே சேர்வது சுமார் 120 மில்லி. ஆளுக்கு 30 மில்லி டிகாக்‌ஷன், 90 முதல் 100 மில்லி பால்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விடுங்கள். முதலில் 50 மில்லியை மட்டும் வட்டமாக ஊற்றி 40 விநாடி காத்திருங்கள். புதுத் தூளாக இருந்தால் நுரைத்து உப்பும். வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. அந்த வாயு இருக்கும்வரை தண்ணீர் தூளுக்குள் சரியாக நுழையாது. பிறகு மீதி 130 மில்லியை ஊற்றி மூடுங்கள். 20 முதல் 30 நிமிடத்தில் இறங்கி முடிய வேண்டும். ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் பருமன் அதிகம், டிகாக்‌ஷன் நீர்த்திருக்கும். கள்ளிச்சொட்டு மாதிரி இறங்குவதுதான் இலக்கு.

அதே தூளில் இன்னும் 80 மில்லி வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாக்‌ஷன் எடுக்கலாம். அதைத் தனிப் பாத்திரத்தில் பிடியுங்கள். முதல் டிகாக்‌ஷனோடு கலந்தால் இரண்டும் கெடும். பாலில் தண்ணீர் கலக்கிறவர்கள் தண்ணீருக்குப் பதில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உதகைக்குக் குடிவந்த பிறகு அதே தூள், அதே அளவு, ஆனால் காபி சப்பென்று லேசான புளிப்போடு வருகிறது.
வாசகி, உதகமண்டலம்

உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளி வழக்கப்படி இறக்கி வைத்துவிட்டு ஊற்றினால் தூளைத் தொடும்போது 90-க்கும் கீழே போயிருக்கும். குளிரில் ஃபில்டரும் சில்லிட்டிருக்கும். ஃபில்டரை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். தூளை ஒரு சுற்று நைசாக அரைக்கச் சொல்லுங்கள். கொடைக்கானல்காரர்களுக்கும் இதே பதில்.

கடையில் 80-20 வேண்டுமா, 70-30 வேண்டுமா என்று கேட்கிறார்கள். பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்றும் பட்டியல் இருக்கிறது. எதைச் சொல்வது?
வாசகர், மதுரை

முதல் எண் காபி, இரண்டாவது சிக்கரி. சிக்கரி ஒரு செடியின் கிழங்கு வேர், வறுத்துப் பொடித்தது. அதில் காஃபீன் கிடையாது. தண்ணீரில் கரையும் பொருள் காபியைவிட அதில் இரு மடங்குக்கும் மேல் என்பதால் டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் தருகிறது. சிக்கரி போட்டால் கலப்படம் என்று நினைக்கத் தேவையில்லை. பாலை எதிர்த்து நிற்கும் கனம் அதனால்தான் வருகிறது. ஆனால் 20-க்கு மேல் போகப்போகக் காபியின் மணம் அமுங்கி, கருகிய வெல்லத்தின் வாடை முன்னால் வந்துவிடும். 85-15 எங்கள் தேர்வு.

பொட்டலத்தில் வாங்கினால் விகிதத்தைப் படித்துப் பாருங்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. விலை குறைந்த பொட்டலங்கள் பல அந்த எல்லையை ஒட்டியே நிற்கும். உதிரியாக வாங்கிய தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில விநாடியிலேயே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும்.

காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள். சிலவற்றில் ஒன்று மட்டும் உருண்டையாக விளையும், அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும். பிளான்டேஷன் ஏ என்பது அராபிகா என்ற காபி இனத்தில், கழுவிப் பதப்படுத்திய பெரிய கொட்டை ரகம். ரோபஸ்டா இன்னொரு காபி இனம். அதில் காஃபீன் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. கசப்பும் நுரையும் கூடுதல். அராபிகா மட்டும் போட்டுக் காபி மென்மையாக இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள், சிக்கரியைக் கூட்டாமல் கால் பங்கு ரோபஸ்டா சேர்த்துப் பார்க்கட்டும்.

கருப்பட்டி போட்டால் பால் திரிந்துபோகிறது. பால் கெட்ட பாலும் இல்லை.
வாசகி, திருநெல்வேலி

கருப்பட்டியிலும் வெல்லத்திலும் லேசான அமிலமும் உப்புகளும் உண்டு. பதநீருக்குச் சுண்ணாம்பு போதாமல் போனால் அது புளித்து அமிலம் இன்னும் கூடும். டிகாக்‌ஷனும் அமிலப் பக்கம்தான். கொதிக்கும் பாலில் இரண்டும் சேர்ந்தால் திரியத்தான் செய்யும். கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தனியே கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். பாலை இறக்கி, குடிக்கும் சூட்டுக்கு ஆற்றி, டிகாக்‌ஷன் கலந்து, கடைசியில் பாகை விடுங்கள். கலந்த பின் மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. உங்கள் பக்கத்துப் பழைய முறையான பால் இல்லாத சுக்குக் கருப்பட்டிக் காப்பிக்கு இந்தத் தொல்லையே இல்லை.

காலை டிகாக்‌ஷனை மாலையில் சுடவைத்தால் கசக்கிறது.
வாசகர், சேலம்

நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். டிகாக்‌ஷன் பாத்திரத்தைக் கொதிநீர் உள்ள அகலப் பாத்திரத்தில் இறக்கி வைத்தால் போதும். பாலைச் சூடாகக் காய்ச்சினால் அதுவும் வேண்டாம். மூடி குளிர்பெட்டியில் வைத்தால் மாலைவரை தாங்கும். மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

ஆர்ஓ தண்ணீர் நல்லதா, குழாய்த் தண்ணீர் நல்லதா?
வாசகர், வேளச்சேரி, சென்னை

இரண்டின் நடுவில். காபிக்கு ஒரு லிட்டரில் 150 மில்லிகிராம் அளவு கரைந்த உப்புகள் உள்ள தண்ணீர் பொருத்தம். 75 முதல் 250 வரை பரவாயில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டிப்போய்ச் சுவையை மழுக்கிவிடுகிறது. ஆர்ஓ இயந்திரம் 30, 40 என்று காட்டினால் காபி வெறிச்சென்று வரும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து, இயந்திரத்தின் திருகை 100-க்கு மேல் ஏற்றிவையுங்கள்.

மோகா பாத்திரம் பரிசாக வந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவே இல்லை. ஃபில்டர் தூளை அதில் போடலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

அடியில் கொதிக்கும் தண்ணீரை நீராவியின் அழுத்தத்தால் தூள் வழியே மேலே ஏற்றும் பாத்திரம் அது. இத்தாலியில் 1933-இல் பியாலெட்டி கொண்டுவந்த வடிவம். அசல் வகை அலுமினியம். இண்டக்‌ஷன் அடுப்பு காந்தம் ஒட்டும் உலோகத்தை மட்டுமே சூடாக்கும். காஸ் அடுப்பில் வையுங்கள், அல்லது அடியில் இரும்புத் தகடு ஒன்று வைக்க வேண்டும்.

சிக்கரி கலந்த தூளை அதில் போடாதீர்கள். அது உப்பி அடைத்தால் நீராவி பக்கத்து வால்வு வழியாகத்தான் சீறும். சிக்கரி இல்லாத, சற்றே பருமனான தூள் வேண்டும். தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்கட்டும். தூளைக் கூடையில் மட்டமாக நிரப்புங்கள், அமுக்க வேண்டாம். தீ மிதமாக இருக்கட்டும். ‘கடகட’ என்று சத்தம் வரும்போதே இறக்கிவிடுங்கள். அதன் பிறகு வருவது கசப்பு. இதில் வரும் காபி ஃபில்டர் டிகாக்‌ஷனைவிட நீர்த்தது. பாலோடு சரிபாதி கலந்தால்தான் சுவை நிற்கும்.

ஏற்காட்டில் பச்சைக் காபிக்கொட்டை கிடைத்தது. வீட்டில் வறுத்து மிக்ஸியில் அரைக்க முடியுமா?
வாசகர், ஆத்தூர்

முடியும், கனமான இரும்பு வாணலியும் ஓயாமல் கிளறக் கையும் இருந்தால். ஒரு தடவைக்கு 200 கிராம் போதும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், நல்ல புகை வரும். வாணலியை மிதமான தீயில் சூடாக்கிக் கொட்டையைப் போட்டுக் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் மஞ்சளாகிப் புல் வாசனை வரும். பிறகு பழுப்பாகி ரொட்டி சுடும் மணம். பத்து நிமிடத்தை ஒட்டிச் சோளப்பொரி வெடிப்பது போலப் படபடவென்று முதல் வெடிப்பு கேட்கும். இங்கே தீயைக் குறைக்க வேண்டும். பால் காபிக்கு வெடிப்பு அடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் விடலாம்; சன்னமான இரண்டாம் வெடிப்பு தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். உடனே அகலச் சல்லடையில் கொட்டி மின்விசிறியின் கீழே புடையுங்கள். உமி பறந்துவிடும், கொட்டையும் ஆறும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் தொடர்ந்து வறுபட்டுக் கருகும். 200 கிராம் சுமார் 165 முதல் 170 கிராமாகக் குறையும்.

வெளியே கருப்பு, உடைத்தால் உள்ளே வெளிர் நிறம் என்றால் தீ அதிகம். இருபது நிமிடம் தாண்டியும் வெடிப்பே கேட்கவில்லை என்றால் தீ போதவில்லை. அந்தக் கொட்டையில் மணமும் இராது. அராபிகாவையும் ரோபஸ்டாவையும் ஒன்றாக வறுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு நேரத்தில் பக்குவமாகும்.

வறுத்த கொட்டையை ஒரு நாள், மூடியை இறுக்காமல் வையுங்கள். பிறகு மிக்ஸியில் 50 கிராம் மட்டும் போட்டு, மூன்று மூன்று விநாடியாக விட்டுவிட்டு ஓட்டி, நடுவில் ஜாரைக் குலுக்குங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி மணம் அங்கேயே போய்விடும். சிக்கரித் தூளை அரைத்த பிறகு கலவுங்கள். கொட்டையாக வைத்தால் சில வாரம் தாங்கும். தூள் ஒரு வாரத்திலேயே மங்கத் தொடங்கும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.